அழுத்தம் சரியாக இருந்த பகல்

ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் என்னை விடுவதாக இல்லை. சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகளான உங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தபோது பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், பிபிய அதுவே பாத்து, மருந்த அதுவே ஏத்தி எறக்கற மிஷின நம்பலாமா கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று கேட்டாள். முப்பது பேர் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏதோ மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவிக்கு மிஷின் ஆகாது என்று பேசிக்கொள்வீர்கள். எனக்கு மிஷின் பிடிக்கும். அது வருவதற்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் எங்கள் ஐசியூவில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கிருமி ரத்தத்தில் கலந்து அழுத்தம் விழுந்துபோன நோயாளிக்கு நார்அட்ரினலின் ஓடும். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிற மருந்து அது. கொஞ்சம் கம்மியானால் அழுத்தம் விழும், கொஞ்சம் ஜாஸ்தியானால் குழாய்கள் அளவுக்கு மேல் இறுகும். ஒரு கண் மானிட்டரில் இருக்கும், ஒரு கை பம்பில் இருக்கும். சாப்பிடப் போனவள் பாதிச் சோற்றில் எழுந்து ஓடி வருவாள். ஒருத்தி பார்க்க வேண்டிய இரண்டு படுக்கையில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? நான் பாத்ரூம் போகாமல் பொழுதை ஓட்டிய நாட்கள் உண்டு.

எங்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மயக்க மருத்துவர். பெயரைப் போட்டால் "என்ன எதுக்கும்மா இழுக்கற" என்று சண்டைக்கு வருவார். பெரிய டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பம்பில் மருந்தைக் கூட்டினால் "ஏத்தறேன்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். குறைத்தால் "எறக்கறேன்!" பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் திட்டு விழும்.

"கையால செய்யறத வாயால சொல்லும்மா. அது ஒனக்கு இல்ல, மத்தவங்க காதுக்கு" என்பார்.

வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "இன்னா சிஸ்டர், காலைலேர்ந்து ஏத்தறேன் ஏத்தறேன்னு கத்திக்கினே கீறீங்க. உள்ள இன்னா லாரிக்குக் கரும்பு லோடு ஏத்தறீங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கத்தலின் அருமை எங்களுக்குத் தெரியும். எந்தப் படுக்கையில் எத்தனை தரம் கத்தினார்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டு இருக்க மாட்டோம். ஆனாலும் ஒரே மூலையில் இருந்து நாலைந்து தரம் "ஏத்தறேன்" கேட்டால் அறை முழுக்க எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவோம். தன் நோயாளியை விட்டுவிட்டு ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். "இன்னாடி, அந்த ஆளுக்கு ஏத்திக்கினே கீற? வேற எதனா ஆயிகீதா பாரு" என்பாள். நோயாளி மோசமாகிறார் என்பது இப்படித்தான் பல தடவை முதலில் எங்கள் காதுக்குத் தெரிந்தது.

பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. மானிட்டருக்கும் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிற பெட்டி. சராசரி அழுத்தம் அறுபத்தைந்து வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். நோயாளியின் மணிக்கட்டில் செருகிய குழாயில் இருந்து வருகிற அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், விழுந்தால் மருந்தைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். பொருத்த வந்த இன்ஜினியர்களை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினோம். வந்த நாளில் இருந்து எல்லோரும் அதைச் சுற்றியே நின்று உபசாரம் செய்ததால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளை குறை வைக்கவில்லை. எங்களில் எவளாலும் முடியாத நிதானத்தோடு அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தினார். பச்சை நிறத்தில் பெரிதாக அறுபத்தைந்து தெரியும். அதற்குக் கீழே, மருந்து எவ்வளவு ஓடுகிறது என்பது சின்ன எழுத்தில் தெரியும்.

ஐசியூ அமைதியாகிவிட்டது. மருந்தை ஏற்றியது நாங்கள் இல்லையே, எதைக் கத்துவது? யாரும் கூடிப் பேசி அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றுபோனது. ட்யூட்டி டாக்டர் ஒருவர் "கோயில் மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். இன்சார்ஜ் என்ற முறையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளையன் அந்தச் சமயத்தில்தான் வந்தார். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். புளிய மரம் ஏறி உலுக்குவதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று அவர் மனைவி பூங்காவனம் சொல்வாள். உண்ணிக் காய்ச்சல். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே நாளைக் கடத்திவிட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். வரும்போது அழுத்தமே கிடைக்கவில்லை. மாப்பிள்ளையைப் பொருத்தினோம். இரண்டு நாளில் மனிதர் கண் திறந்தார். மாஸ்க்குக்குள் இருந்தே பூங்காவனத்தை ஏதோ கிண்டல் செய்தார். மருந்தின் அளவும் நன்றாக இறங்கியிருந்தது. மறுநாள் நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

பூங்காவனம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே வந்ததும் முதலில் என்னிடம்தான் கேட்பாள். "பிபி இன்னாம்மா?" மலையில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் இரண்டாம் நாளே அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நாங்களும் வேறு எதையும் அவர்களுக்குச் சொல்வதில்லை. "நார்மல்" என்றால் அவள் முகம் தெளிந்துவிடும். வெளியே போய் மற்றவர்களிடம் "நார்மலாம்" என்று சொல்வாள்.

இனி அந்தப் பகல். கோபப்படாமல் படியுங்கள், ஏனென்றால் இதில் யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை.

அவர் படுக்கையைப் பார்த்துக்கொண்டவள் கவிதா. நைனார்பாளையத்துப் பெண், சுறுசுறுப்பு. காலையில் அவள் போட்ட மருந்து சிரிஞ்ச், அப்போது ஓடிய அளவுக்கு, சாயங்காலம் வரை தாராளமாக வந்திருக்க வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாமல் பீப் பீப் என்று அடித்தது. கவிதா இன்னொரு படுக்கையில் இருந்தாள். அந்த வழியாகப் போன மாலதி, எங்கள் இன்னொரு நர்ஸ், விரல் விரலாக மாற்றிப் பார்த்தாள். எதிலும் வரவில்லை. காது மடலில் மாட்டினாள், ஜோராகக் காட்டியது. பீப் நின்றது. அவள் செய்தது சரியான வேலைதான். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சிறுநீர் குறைவாக வந்தது. ட்யூட்டி டாக்டர் பையைப் பார்த்தார், நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தார். அறுபத்தைந்து. "பிரஷர் நல்லாதான கீது, கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றார்.

மதியம் சிரிஞ்ச் காலியாகிவிட்டது. கவிதா தாமதிக்காமல் இன்னொன்றை நிரப்பிப் போட்டாள். அழுத்தம் ஒரு புள்ளி கூட விழவில்லை. அவ்வளவு சுத்தமாக மாற்றினாள்.

பிறகு பார்வையாளர் நேரம். பூங்காவனம் "பிபி இன்னாம்மா?" என்றாள். நான் நிமிர்ந்து பச்சை எண்ணைப் பார்த்து "நார்மல்" என்றேன். அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அவருடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து அந்தக் கைகளைச் சுற்றி மூடினாள். நான் அதைப் பார்த்தேன். என்ன பாசம் பார் என்று மாலதியிடம் காட்டவும் செய்தேன். அவள் ஏன் அந்தக் கையைத் தேய்க்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா நான்!

பொழுது சாயும் முன்னால் கவிதா வந்தாள். "சிஸ்டர், வெள்ளையன் அண்ணனுக்கு இன்னொரு சிரிஞ்ச் லோட் பண்ணட்டுமா? ஸ்டாக்ல ஆம்பூல் கம்மியா கீது."

"மதியம்தானே போட்ட?"

"அதுவும் முடியப் போவுது சிஸ்டர்."

ஒரு சிரிஞ்ச் அவ்வளவு சீக்கிரம் முடியக் கூடாது. ஓடிப்போய் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்தேன். காலையில் இருந்ததைப் போலப் பல மடங்கு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை எண் மட்டும் அதே அறுபத்தைந்தில் நின்றது. போர்வையை விலக்கிக் கையைத் தொட்டேன், ஐஸ். மனிதர் அரை மயக்கத்தில் இருந்தார். வயிறு உப்பியிருந்தது.

ட்யூட்டி டாக்டர் பெட்டியைப் பார்த்து அரண்டுபோனார். "மிஷின் கெட்டுப்போச்சு சிஸ்டர், கண்டபடி மருந்த ஊத்தியிருக்கு!" என்று சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். ஆபரேஷன் தியேட்டர் செருப்போடு அப்போதுதான் உள்ளே நுழைந்த பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் அறையே நடுங்கியது.

"கைய எடு! அது ஒரு தப்பும் பண்ணல. நாம சொன்னதத்தான் செஞ்சிக்கினு கீது. இப்ப நீ நிறுத்தினா இந்த ஆள் போய்ச் சேந்துடுவாரு. எங்கியோ ஒழுவுது, அத மொதல்ல பாரு!"

பக்கவாட்டில் திருப்பினோம். விரிப்பு முழுக்கத் தார் மாதிரி கறுப்பாக மலம். அந்த நாற்றம் வந்தால் ரத்தம் என்று உங்களுக்கும் தெரியும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறைவது குறைந்து, குடல் புண்ணில் இருந்து காலையில் இருந்தே கசிந்திருக்கிறது. உள்ளே ரத்தம் குறையக் குறைய அழுத்தம் விழப் பார்த்திருக்கிறது. விழ விடாமல் மாப்பிள்ளை குழாய்களை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். இறுக இறுக விரல்களுக்கு ரத்தம் போகவில்லை, காலையில் கிளிப் எந்த விரலிலும் காட்டாமல் போனது அதனால்தான். கையால் பம்பைத் திருகியிருந்தால் மதியத்துக்குள் கவிதா பத்துத் தரமாவது கத்தியிருப்பாள். நாங்கள் கூடியிருப்போம்.

ரத்தம் ஏற்றத் தொடங்கினோம். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுக்க ஓடினார்கள். பெரிய டாக்டர் கவிதாவைப் பெட்டி முன்னால் நிறுத்தி, "மருந்து எவ்ளோன்னு படிச்சிக்கினே இரு. ஒரக்கப் படி" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே படித்தாள். இரண்டாவது பை ரத்தம் பாதி இறங்கும்போது அவள் படிக்கிற மருந்தின் எண் குறைய ஆரம்பித்தது. யாரும் தொடாமலேயே மாப்பிள்ளை மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். மனிதர் பிழைத்தார்.

ஆனால் விரல்கள் பிழைக்கவில்லை. முதலில் நீலம், பிறகு கறுப்பு. எத்தனை மருந்து தடவியும், எத்தனை சூடு கொடுத்தும் ரத்தம் திரும்பவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து, காய்ந்துபோனதை எடுக்க வேண்டியதாயிற்று. வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் பாதிக்கு மேல் போயின. இடது கையில் நுனிகள். மரம் ஏறுகிறவருடைய கை அது.

நோயால் வந்தது என்று சொல்லிவிடலாம் என்று சிலர் பேசினார்கள். உண்ணிக் காய்ச்சலிலும் விரல் கறுக்கும், அது பொய் இல்லை. பெரிய டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "பாதிய சொல்லிட்டு மீதிய முழுங்கறது பொய்ய விட மோசம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு வெள்ளையன், பூங்காவனம் இருவர் முன்னாலும் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நோயும் காரணம், மருந்து அளவுக்கு மேல் ஓடியதும் காரணம், வயிற்றில் கசிந்ததை நாங்கள் லேட்டாகப் பார்த்ததும் காரணம் என்று அவர்கள் பேச்சிலேயே எடுத்துச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

வெள்ளையன் கட்டுப் போட்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுரு கீது இல்ல சார். வுடுங்க" என்றார்.

பூங்காவனம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். டாக்டர் எழுந்து போன பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்பவே ஜில்லுனு இருந்துச்சிம்மா கையி. நெகம்லாம் நீலமா இருந்துச்சி. மலைல பனி பேய்ஞ்சா வெறச்சிப் பூடும் பாரு, ஏசி ரூம்புல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கினேன். ஒங்களாண்ட சொல்லலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சி. நீங்க நார்மல்னு சொன்னீங்களா, அதுக்கு மேல நாம இன்னா பேசறதுன்னு கம்முனு இருந்துட்டேன். நான் வாயத் தொறந்திருந்தா இவரு வெரலு இருந்திருக்கும் இல்ல?"

"ஒம் மேல ஒரு தப்பும் இல்ல பூங்காவனம். பாக்க வேண்டியது நாங்க. கேக்க வேண்டியதும் நாங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஒப்புதல் இல்லை. கட்டுப் பிரிக்க வந்த ஒவ்வொரு தரமும் இதையே கேட்டாள், நானும் இதையே சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஐசியூவில் சில மாற்றங்கள் வந்தன. பெட்டி மருந்தைக் கூட்டினால் அந்தப் படுக்கையைப் பார்க்கிற நர்ஸ் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அழுத்தத்தின் எண்ணைச் சொல்லும்போது அந்த எண்ணுக்கு எவ்வளவு மருந்து செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் உள்ளே வந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டும், "தொட்டுப் பாத்தீங்களா, எப்படி இருக்காரு?" என்று. உங்களுக்கு இதெல்லாம் சம்பிரதாயமாகத் தெரியலாம். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதீர்கள். அந்தப் பகலில் நான்கு பேர் நான்கு சரியான வேலைகளைச் செய்தோம், அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அதை நினைத்துச் செய்யுங்கள்.

கவிதா இப்போது வேறு ஊரில் இன்சார்ஜ். நன்றாக இருக்கிறாள். பெரிய டாக்டரும் நானும் அவளை அந்தப் பகலுக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை, மற்றவர்களையும் சொல்ல விட்டதில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளையனையும் பூங்காவனத்தையும் பார்த்தேன். வெள்ளிமலை பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். வெள்ளையன் இடது கையில் டீ கிளாஸைப் பிடித்து, வலது கையின் மிச்சத்தால் முட்டுக் கொடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கிட்டே போய்ப் பேசலாம் என்று நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அவர்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெண், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னாங்கண்ணா ஆச்சி கையிக்கு? மிஷின்ல வுட்டுட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பூங்காவனம் முந்திக்கொண்டாள்.

"காச்சல்ல கெடந்தாரும்மா. வெரலு நீலம் பூத்துச்சி. நாந்தான் பாத்துக்கினே இருந்துட்டு யார்கிட்டயும் சொல்லாம வுட்டுட்டேன்."

"ஐய்யோ பாவமே" என்றாள் அந்தப் பெண், பூங்காவனத்தை ஒரு மாதிரி பார்த்தபடி.

"இல்லம்மா, இவ மேல தப்பு இல்ல. ஆஸ்பத்திரில நாங்கதான் பாக்காம வுட்டோம்" என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ பெரிய மனுஷி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பூங்காவனம் என்னைக் கண்டதும் மலர்ந்துபோய்க் கும்பிட்டாள். "இந்த அம்மாதான் எங்க வூட்டுக்காரர பொழைக்க வெச்சாங்க" என்று அவளிடம் சொன்னாள்.